மந்தைவெளியில் ஒரு சட்டித் தயிர்

தயிர் என்றால் சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழக்கூடாது. மட்டக்களப்பில் இதைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். இதெல்லாம் ஒரு செய்தியா என்று போய்விடுவார்கள். சென்னையில் சொன்னபோது சிரித்தார்கள். பயிற்சி நிலையத்தில் என் பக்கத்து மேசைக்காரர், "ஏன் சார், தயிரை எதுக்குக் கவுக்கணும்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது.

கூட்டுறவுச் சங்க வேலைக்கு ஒரு வருடப் பயிற்சி என்று என்னைச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். எழுபதுகளின் தொடக்கம். மனைவி தவமணியையும் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்து, மந்தைவெளியில் ஒரு மாடி அறையில் குடியேறினேன். பெயரிலேயே மந்தை இருக்கிறதே, இங்கே பாலுக்கும் தயிருக்கும் என்ன பஞ்சம் என்று முதல் நாளே அவளிடம் வீறாப்பாகச் சொன்னேன். அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. வீட்டை ஒட்டி வீடு, சுவரை ஒட்டிச் சுவர்.

ஆனாலும் எனக்குச் சென்னை பிடித்துப் போயிற்று. கச்சேரி ரோட்டு ஓட்டலில் ரவா தோசை மொறுமொறுவென்று வரும். டபராவில் காபியை ஆற்றிக் குடிக்கும் வித்தையை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டேன். எங்கள் ஊரில் காய்கறிக்காரர் சைக்கிள் மணியை அடிப்பார். இங்கே ராகம் போட்டுப் பாடிக்கொண்டு வந்தார். இரண்டு மாதத்தில் இடுப்புவாரின் கடைசி ஓட்டைக்கு வந்துவிட்டேன்.

மூன்றாம் மாதம் தவமணி முழுகாமல் இருப்பது தெரிந்தது. கல்யாணமாகி ஏழு வருடம். போகாத கோயில் இல்லை, குடிக்காத கசாயம் இல்லை. அன்றைக்கு நான் மொட்டை மாடிக்கு ஏறிப்போய் ஒரு மூலையில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான். கீழே இறங்கி வந்து லஸ் முனையில் இரண்டு கிலோ ஜாங்கிரி வாங்கி முழுத் தெருவுக்கும் கொடுத்தேன்.

அதோடு தவமணியின் சாப்பாடு நின்றது. இட்லி போனால் வெளியே வரும். கஞ்சி போனால் வெளியே வரும். தண்ணீர்கூடத் தங்கவில்லை. காலையில் கண் விழித்ததும் கீழே கிணற்றடிக்கு ஓடுவாள். அந்தச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். மூன்று வாரத்தில் அவள் வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது.

செவ்வாய்க்கிழமை மாலை டாக்டரம்மா வந்து பார்த்தார். "எடை இறங்கிண்டே போறது. சனிக்கிழமை காலம்பற வரேன். அதுக்குள்ள ஏதாவது ஒண்ணு வயித்துல தங்கணும். இல்லேன்னா ஆஸ்பத்திரில சேர்த்து குளுக்கோஸ் ஏத்தவேண்டியதுதான்" என்றார்.

அவர் படியிறங்கியதும் தவமணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "ஊசி குத்தி இஞ்ச கிடக்க என்னால ஏலாது. சனிக்கிழமை வரைக்கும் பாப்பன். மறுகா என்னை அம்மாட்டக் கொண்டுபோய் விடுங்க."

எனக்குத் திக்கென்றது. வரும்போதே, வயிற்றில் ஒன்றும் இல்லாத காலத்திலேயே, கப்பலில் சுருண்டு கிடந்தவள் இவள். இந்த நிலையில் அந்தக் கடலைத் தாண்டினால் பிள்ளை தங்குமா? அதை வாய்விட்டுக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. "உனக்கு என்னதான் வேணும்? அதையாவது சொல்லு" என்றேன்.

சுவரைப் பார்த்தபடியே, "சட்டித் தயிர்" என்றாள். "எருமைத் தயிர். கரண்டியால வெட்டி எடுக்கிற மாதிரி."

மூன்று வாரத்தில் முதல் தடவையாக ஒரு சாப்பாட்டின் பெயரை அவள் வாய் சொல்லியிருக்கிறது. நான் துள்ளி எழுந்தேன். தயிர்தானே. இவ்வளவு பெரிய பட்டணத்தில் ஒரு சட்டித் தயிர் கிடைக்காதா?

கீழ்வீட்டு மாமிதான் எங்கள் வீட்டுச் சொந்தக்காரி. விஷயத்தைச் சொன்னதும், "தயிருக்கா இத்தனை கவலை? நம்மாத்துல தோச்சு வெச்சிருக்கேன், எடுத்துண்டு போங்கோ" என்று ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தாள். கார்டு வைத்து வரிசையில் நின்று வாங்கிய சர்க்கார் புட்டிப் பாலில் தோய்த்த தயிர். மாமியின் நல்ல மனசு அதில் இருந்தது. ஆடைதான் இல்லை. கிண்ணத்தைச் சாய்த்தால் அதுவும் சாய்ந்தது. தவமணி ஒரு வாய் வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினாள்.

புதன்கிழமை விடிகாலை நான் வாசலில் போய் நின்றேன். எங்கள் தெருவுக்கு எருமையைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலிலேயே கறந்து கொடுப்பவர் கன்னியப்பன். நாற்பது வயதிருக்கும், கறுத்த ஒல்லியான ஆள். ஒரு கையில் எருமைக் கயிறு, மறு கையில் செம்பும் தண்ணீர்க் குவளையும், கக்கத்தில் ஒரு கன்றுக்குட்டி. கன்றுக்குட்டி என்றால் உயிரோடு இல்லை. செத்துப்போன கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துத் தைத்திருப்பார். அதை முன்னால் நிறுத்தியதும் எருமை நக்கத் தொடங்கும், பால் சுரக்கும். முதல் தடவை பார்த்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு பழகிவிட்டது.

கறக்குமுன் கன்னியப்பன் செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவார். உள்ளே தண்ணீர் இல்லை என்பதற்கு அத்தாட்சி. மாமி எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். இது தினசரி நடக்கிற சடங்கு. அப்படியும் அந்தப் பால் அடுப்பில் வைத்தால் ஆடை கட்டாது. அது எப்படி என்று இரண்டு மாதமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பார்த்துவிட்டேன். மடி கழுவ என்று குவளை நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். குந்தி உட்கார்ந்து, எருமையின் வயிற்றில் தலையை முட்டுக்கொடுத்து, முதுகால் எங்களை மறைத்தபடி கறந்தார். எழுந்தபோது குவளை காலி. ஆனால் எருமையின் காலடியில் தரை காய்ந்து கிடந்தது.

"கன்னியப்பன், குவளையில இருந்த தண்ணி எங்க?" என்றேன்.

"மடி கய்வுனேன் சார்."

"கழுவின தண்ணி எங்க விழுந்தது? தரையில ஈரமே இல்லையே."

அவர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எரும நக்கியிருக்கும் சார்."

எனக்கு ஏறிய கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. கள்ளன் என்று ஒரு சொல் வந்தது நினைவிருக்கிறது. மேலே எங்கள் சன்னலைக் காட்டி, உள்ளே ஒரு பிள்ளைத்தாச்சி பட்டினி கிடக்கிறாள் என்று கத்தினேன். தெருவே வெளியே வந்துவிட்டது. கன்னியப்பன் வைக்கோல் கன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இந்தத் தெருவுல எத்தினி வருசமா கறந்துகினு கீறேன். ஒர்த்தரும் இப்டிக் கேட்டதில்ல. சிலோன்லேந்து வந்து நீ கேக்குறியா? இனிமே இந்தத் தெருவுலயே என் எரும நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ஜெயித்த சந்தோஷம். மாமி தலையில் அடித்துக்கொண்டாள். "தண்ணி ஊத்தறான்னு எங்களுக்குத் தெரியாதா? கொஞ்சமா ஊத்துடா கன்னியப்பான்னு சொல்லுவோம், அவனும் கொஞ்சமா ஊத்துவான். நீங்க என்னடான்னா கோர்ட்ல நிக்கவெச்சுக் கேக்கறாப்ல கேட்டுட்டேளே." நான் ஜெயித்ததில் தெருவுக்கே பால் போயிற்று.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு தியாகராய நகருக்கு பஸ் ஏறினேன். மாம்பலம் பக்கம் போனால் கிடைக்காத பொருள் கிடையாது என்று பயிற்சி நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான். பனகல் பார்க்கைச் சுற்றி ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை. பாண்டி பஜாரில் வளையலும் மல்லிகையும் ஊதுவத்தியும் சேர்ந்த ஒரு வாசனை. என் ஊரின் முழுக் கடைத்தெருவையும் இங்கே ஒரு கடைக்குள் வைத்துப் பூட்டிவிடலாம். போன காரியத்தை மறந்து அரைமணி நேரம் வாய் பார்த்து நின்றேன்.

ரங்கநாதன் தெரு முனையில் ஒரு வெண்ணெய்க்கடை. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். "வாங்க அண்ணாச்சி, என்ன வேணும்?" என்று முகம் மலர்ந்து கேட்டார். பெரிய அலுமினிய அண்டாவில் தயிர், மேலே பளபளவென்று. இரண்டு படி வாங்கித் தூக்குச்சட்டியில் ஊற்றச் சொன்னேன். ஊற்றிக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கும். ஆனா வெண்ணெ எடுத்த பால்ல தோச்சது, ஒளிச்சுப் பேசக்கூடாது பாருங்க. வெண்ணெய விக்கிற கடையில தயிர்ல எப்பிடி வெண்ணெ இருக்கும்?" என்றார். அந்த நேர்மைக்காகவே வாங்கினேன்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. தூக்குச்சட்டியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றேன். தேனாம்பேட்டையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். மூடி திறந்து, முன்னால் நின்ற ஒரு வழுக்கைத் தலைக்குத் தயிர் அபிஷேகம். அந்த மனிதர் மெல்லத் திரும்பி, விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, "புளிக்கலே" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மிச்சத்தைத் தவமணி முன்னால் வைத்தபோது சிரிப்பு போய்விட்டது. குலுங்கிக் குலுங்கி அது மோராகியிருந்தது. முகர்ந்து பார்த்தவள் கிணற்றடிக்கு ஓடினாள்.

திரும்பி வந்து படுத்தவள் கண்ணை மூடியபடியே சொன்னாள்: "கடைத் தயிர் சரிவராது. அந்த மனிசன்ட எருமை நல்ல எருமை. அவரோட சண்டை பிடிச்சது நீங்கதானே? நீங்களே ஒரு மண்சட்டியோட அவர்ட வீட்ட போய், உங்கட சட்டியில கறந்து தரச் சொல்லிக் கேளுங்க. உறைய வைக்கிறத நான் சொல்லித் தாறன்."

எனக்குப் பளிச்சென்றது. அட, சட்டி! மூன்று நாளாகப் பாலைத் தேடினேனே தவிரச் சட்டியை மறந்தே போனேன். எங்கள் ஊர்த் தயிரின் பாதி ரகசியம் சட்டியில் இருக்கிறது. பாலில் உள்ள நீரையெல்லாம் மண் உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் அப்படி இறுகும். வீதியோரம் கயிற்றுப் பின்னலில் வரிசையாகச் சட்டிகள் தொங்கும். பஸ்ஸை நிறுத்தி ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போவார்கள்.

மாமியிடம் விசாரித்தேன். "கன்னியப்பன் அடையாத்துப் பாலம் தாண்டி சவுக்குத் தோப்பண்டை இருக்கான். சட்டி பானைக்கு சைதாப்பேட்டை மார்க்கெட் போங்கோ" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே சைதாப்பேட்டையில் இருந்தேன். மூன்று இரவாகச் சரியான தூக்கமில்லை, கண் சிவந்து கிடந்தது. பிள்ளைத்தாச்சியின் புருஷன் முகம் மழிக்கக்கூடாது என்று மாமியார் ஊரிலிருந்து கடிதம் போட்டிருந்ததால் தாடி வேறு.

"இன்னா சார் வோணும்?" என்றார் சட்டிக்கடைக்காரர்.

"ஒரு சட்டி. புதுசு. கயிறு கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுபோகோணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. "ஒண்ணு போதுமா?"

"ஒண்டு போதும்."

"யாருக்கு சார்?"

"என்ர மனிசிக்கு."

"வயசு?"

தயிர்ச் சட்டிக்கு வயது எதற்கு என்று தோன்றினாலும், "இருபத்தெட்டு" என்றேன்.

கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்தார். இருவரும் உச்சுக்கொட்டினார்கள். பிறகு ஒவ்வொரு சட்டியாகத் தட்டித் தட்டிப் பார்த்து, கீறல் இல்லாத ஒன்றை எடுத்தார். நான் வழக்கப்படி பேரம் பேச ஆரம்பித்தேன். அவர் முகம் வாடிவிட்டது. "இதுக்கு நான் பேரம் பேசமாட்டேன் சார். நீ குட்க்கிறத குடு" என்றார். கேட்காமலே மூன்று புரியில் கயிறு கட்டிப் பிடியும் வைத்துக் கொடுத்தார். எங்கள் ஊர்த் தயிர்ச் சட்டிக்கு எப்படிக் கட்டுவார்களோ அப்படியே. எனக்குப் புல்லரித்துப் போயிற்று. "மன்ச தெய்ர்யமா வச்சிக்கோ சார்" என்று வேறு சொன்னார். ஒரு சட்டித் தயிருக்கு இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதிசயம். சட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால் கூட்டம் தானாக விலகியது. எதிரே வந்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "வழி வுடு, வழி வுடு. நீ எந்திரி, அவரு ஒக்காரட்டும்" என்று ஒரு தடித்த மனிதரை எழுப்பிவிட்டு எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். முதல் நாள் தூக்குச்சட்டியோடு தொங்கிய எனக்கு இன்றைக்கு ராஜ மரியாதை. பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன்.

"இந்த வயசுல இந்த மனுசனுக்கு இப்டி ஒரு கஸ்டம் வந்துட்ச்சேன்னு பேசிக்கிறாங்க சார்."

"பரவாயில்லை, பழகிப் போச்சு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிண்டி தாண்டியதும் பஸ் முக்கி முனகி நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நானும் இறங்கப் போனேன். கண்டக்டர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "நீ தள்ளக் கூடாது நைனா. நீ சும்மா குந்து." ஆக, நாற்பது பேர் பஸ்ஸைத் தள்ள, நான் ஒருவன் மட்டும் மடியில் சட்டியோடு உள்ளே வீற்றிருந்தேன். மெட்ராஸ்காரர்களைப் பற்றி ஊரில் கண்டபடி சொல்லிவைத்த ஆட்களை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அடையாற்றில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு சவுக்குத் தோப்புப் பக்கம் நடந்தேன். ஆற்றங்கரையில் சேற்று நீரில் ஏழெட்டு எருமைகள் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடந்தன. அந்த மணம், அந்த வைக்கோல், அந்தச் சாணம்! வெளிநாட்டில் என் ஊர் எனக்கு அந்தச் சேற்றில் கிடைத்தது. ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

கன்னியப்பன் ஓலைக் கொட்டகையின் வாசலில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அஞ்சலை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவர் முகம் இறுகியது. பிறகு பார்வை என் கையில் தொங்கிய சட்டிக்கு இறங்கியது. தவிட்டுக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மாவா சார்?" என்றார்.

"ஓம். அவவுக்காகத்தான் பால் கேட்டு வந்தனான்" என்றேன்.

கன்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் பாவி சார். நீ சொன்னது மெய்தான். கொவளத் தண்ணி பூரா செம்புலதான் ஊத்துனேன். தெனம் கெணத்தாண்ட அவங்க வாந்தி எட்க்கிற சத்தம் கேட்டுக்கினேதான் கறந்தேன். கேட்டுக்கினே ஊத்துனேன்" என்றார். அழுகையில் குரல் உடைந்தது.

எழுந்து, என் கையிலிருந்த சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய் எருமையின் கீழ் குந்தினார். குவளை இல்லை. மடியைத் துண்டால் துடைத்தார். பால் சட்டியில் விழுந்த சத்தம் என் காதுக்குத் தேனாக இருந்தது. நுரை விளிம்புக்கு மேலே எழும்பி நின்றது. மூன்று நாளாகத் தேடியது இதோ, கண் முன்னால்! சண்டை போட்டதற்கு இவ்வளவு பலன் இருக்கிறதே என்று உள்ளுக்குள் குதித்தேன்.

"நாளிக்கிப் பால் ஊத்துற சடங்குக்குத் தண்ணி கலந்து குட்த்தா ஏயி ஜென்மத்துக்கும் ஆவாது சார்" என்றார் கன்னியப்பன்.

அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வயித்துல கொயந்தையோட பூட்டாளே, மகராசி" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டிக்கடைக்காரரின் உச்சு, செருப்பைக் கழற்றிய மனிதர், பஸ்ஸைத் தள்ளவிடாத கண்டக்டர், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முகத்தில் அறைந்தன. எங்கள் கிராமத்தில் புதைப்பதுதான் வழக்கம். பிணத்துக்கு முன்னால் கயிறு கட்டிய சட்டியில் நெருப்பைத் தூக்கிப் போவதை நான் கண்டதில்லை, கேள்விப்பட்டதோடு சரி. சைதாப்பேட்டையிலிருந்து அடையாறு வரைக்கும் நான் கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, என் தவமணியைச் சாகடித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிடலாமா என்று நினைத்தேன். பால் கையில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் பிடுங்கிக்கொண்டால்? நாளைக்குச் சனிக்கிழமை. ஆனால் அந்த நுரையைத் திரும்பவும் பார்த்தேன். அவள் செத்துப்போனதற்குக் கொடுத்த பாலை அவள் வாயில் எப்படி வைப்பேன்?

"கன்னியப்பன், அவ சாகேல்ல. உயிரோட இருக்கிறா. தயிருக்குத்தான் சட்டி வாங்கினனான்" என்றேன்.

"மெய்யாலுமா?" என்றார் கன்னியப்பன். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணில் நீரோடு அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் நின்றது. தான் என்னவெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு எருமையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அஞ்சலைதான் முதலில் எழுந்தாள். "கொள்ளிச் சட்டியிலயா புள்ளத்தாச்சிக்குத் தயிரு? உனுக்கு மூள கீதா?" என்று என்னைத் திட்டிக்கொண்டே சட்டியைப் பிடுங்கி, அத்தனை பாலையும் வேப்பமரத்தடியில் ஊற்றினாள். என் உயிரே மண்ணில் ஊறிப்போவதுபோல இருந்தது. கன்னியப்பன் காலிச் சட்டியை வாங்கிக்கொண்டுபோய்க் கல்லில் போட்டு உடைத்தார். எருமையின் மடியில் இனி ஒரு சொட்டு இல்லை.

நான் போக எழுந்தேன். மூன்று நாள் ஓட்டமும் அந்த ஓட்டாஞ்சில்லோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"எங்க போறே? குந்து" என்றாள் அஞ்சலை. உள்ளே போய், உத்தரத்தில் தொங்கிய உறியிலிருந்து கரியேறிப்போன ஒரு பழைய மண்சட்டியை இறக்கிக்கொண்டு வந்தாள். வாயை மூடியிருந்த இலையை விலக்கினாள். உள்ளே தயிர். மஞ்சள் பாரித்த ஆடை, விரல் தடிப்பில். அஞ்சலை சட்டியைச் சாய்த்தாள். தயிர் அசையவில்லை.

"இது எங்க ஊட்டுக்கு வச்சது. எங்க ஊட்டுக்கு நாங்க தண்ணி ஊத்துவமா?" என்றாள்.

கன்னியப்பன் அப்போதும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காசை நீட்டினேன். அஞ்சலை கையைத் தட்டிவிட்டாள். "முய்வாம கீற பொண்ணு வாய் தொறந்து கேட்டுக்கீது. அதுக்குக் காசா? சீக்கிரம் கெளம்பு. வெள்ளிக்கெயம. வெளக்கு வச்சப்புறம் தயிரு வாசப்படி தாண்டக் கூடாது." நான் கிளம்பும்போது, "நாளைக்கு வாசலுக்கு வருவீங்களா?" என்று கன்னியப்பனைக் கேட்டேன். "பாப்போம்" என்று எருமையிடம் சொன்னார்.

பஸ்ஸை நம்பாமல் சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தேன். பாலத்தின்மேல் கடற்காற்று மோதியது. சட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மெல்ல, மெல்ல, பள்ளத்தில விடாதேங்க" என்று புலம்பிக்கொண்டே வந்தேன். ரிக்‌ஷாக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அதுல இன்னா சார் கீது?" என்றார். "தயிர்" என்றேன். "தயிருக்கா இந்தப் பயம்?" என்றார். காலையில் எனக்காக ஊரே விலகியது. இப்போது தயிர் என்றதும் ஒரு மரியாதையும் இல்லை.

விளக்கு வைக்குமுன் மந்தைவெளி வந்து சேர்ந்தேன். சட்டியைத் தவமணி முன்னால் வைத்து, "பார், இப்ப கவிழ்த்துக் காட்டுறன்" என்று தூக்கினேன். அவள் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு விசரா? விழுந்தா என்ன செய்வீங்க?" கரண்டியால் ஒரு துண்டை வெட்டி எடுத்தாள். எங்கள் ஊரென்றால் மேலே பாணி என்று ஒரு பாகு ஊற்றுவோம். இங்கே மாமி கொடுத்த சீனிதான். சாப்பிட்டாள். நான் கிணற்றடிக்கு வழிவிட்டுக் கதவோரம் நின்றேன். மாமி படிக்கட்டில் நின்றாள். கால்மணி ஆயிற்று. அரைமணி ஆயிற்று. தவமணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன, நான் சாப்பிட்டத இதுக்கு முன்ன கண்டதில்லையா?" என்று கேட்டுவிட்டு மறுபடி கரண்டியை எடுத்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமிக்கும்தான்.

சனிக்கிழமை விடிந்தது. டாக்டரம்மா வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. தெருமுனையில் எருமையின் கழுத்து மணி கேட்டு வாசலுக்கு வந்தேன். கன்னியப்பன் எங்கள் வாசலுக்கு நாலு வீடு தள்ளியே நின்றுவிட்டார். கக்கத்தில் வைக்கோல் கன்று, கையில் செம்பு. குவளையைக் காணவில்லை. கழுத்தை நீட்டிக் கிணற்றடிப் பக்கம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கிணற்றடியில் ஒரு சத்தமும் இல்லை. அவர் முகம் வெளிறிப்போயிற்று.

"சார்," என்றார், "சத்தமே காணோமே சார்."

மாடிக்கு இரண்டிரண்டு படியாக ஏறினேன். தவமணி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அவள் வழித்துத் தின்று முடித்த சட்டியை எடுத்துக்கொண்டு கீழே ஓடிவந்து, அவர் தினமும் எங்களுக்குக் காட்டுவதுபோல, அவர் முகத்துக்கு நேரே தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.